கடன் தண்ணீரில் வளர்ந்த பூண்டு

பெருமாள்சாமி வீட்டுக்குள் நுழையும் முன் செருப்பைத் திருப்பிப் போடுவார். நுனி தெருவைப் பார்க்கும், குதிகால் சுவரை ஒட்டி நிற்கும். மற்றவர்கள் செருப்பெல்லாம் கழற்றியது கழற்றியபடி வீட்டைப் பார்த்துக் கிடக்க, அந்த ஒரு ஜோடி மட்டும் புறப்படத் தயாராக இருக்கும். அவருடைய இளைய மகள் சந்தனமாரி விவரம் தெரிந்த நாளிலிருந்து இதைப் பார்த்து வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவள் கண் முதலில் வாசலுக்குத்தான் போகும். செருப்பு கிடந்தால் அப்பா இருக்கிறார். கிடக்கவில்லை என்றால் அன்று அம்மாவிடம் அதிகம் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

கேட்டால், ஆடு மேய்த்த காலத்துப் பழக்கம் என்பார். புதூருக்குக் கிழக்கே ஒரு ஊரில் அவர் குடும்பத்துக்கு ஒரு மந்தை ஆடு இருந்தது. இரவில் ஆட்டோடு காட்டில் படுத்திருக்கும்போது நாய் குரைத்தாலோ ஆடு மிரண்டாலோ எழுந்த வேகத்தில் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு ஓட வேண்டும். திருப்பிப் போட நேரம் இருக்காது. மழை இல்லாமல் போன வருடங்களில் ஆடுகள் ஒவ்வொன்றாகக் கறிக்கடைக்குப் போயின. குடும்பம் கோவில்பட்டி ஊரோரத்துக்குக் குடிவந்தது. மனைவி சொர்ணத்தாய் தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆடு போன பிறகும் செருப்பு மட்டும் தெருவைப் பார்த்தே கிடந்தது.

அவர் சோம்பேறி இல்லை. குளத்தூர்ப் பக்கம் உப்பு வார, கேரளாவில் ரப்பர் தோட்டத்துக்கு, பம்பாயில் ஒரு மிட்டாய்க்கடையின் அடுப்படிக்கு, கொடைக்கானலுக்கு மேலே பூண்டுக் காடுகளுக்கு என்று எங்கெல்லாமோ போய் உழைத்தார். போன இடத்திலிருந்து பணமும் அனுப்புவார். போகிறேன் என்று மட்டும் சொல்ல மாட்டார். காலையில் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று தெருமுனைக்குப் போனவர் ஒரு மாதம் கழித்துத் திரும்புவதுண்டு. மூத்த மகள் கிருஷ்ணவேணியின் கல்யாணத்துக்கு, தாலி கட்டி முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், தோளில் ஒரு பலாப்பழத்தோடு வந்து இறங்கினார். வேணி வேனுக்குள் இருந்து அப்பாவைப் பார்த்தாள். அவள் அழுததை எல்லாரும் பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்றே நினைத்தார்கள். பக்கத்தில் நின்ற மாரிக்குத்தான் அது கோபம் என்று தெரிந்தது.

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் ஐப்பசியில் அவர் மலையிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. தரையில் கொட்டினார். ஊதா ஓடிய தோலோடு மலைப்பூண்டு உருண்டது.

"விதப்பூடு," என்றார். "நம்ம வேணிக்கு மாசியில பேறுகாலம் வருதுல்லா. மருந்து கிண்டுததுக்குக் கடையில வாங்கக் கூடாது. நம்ம பொறவாசல்ல நட்டு எடுத்துப் போடணும்."

பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டித் தருகிற மருந்தைத்தான் சொன்னார். கல்யாணத்துக்கு நேரத்தில் வராத குறையை இப்படித் தீர்க்க நினைக்கிறார் என்பது அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது.

"யப்பா, அது குளிர்ல வெளையுத பயிரு," என்றாள் மாரி. "இங்கன வெயிலுக்குத் தோகைதான் வரும்."

"ஏட்டி, மலையாளத்தான் இங்கன வந்து டீக்கடை போட்டுப் பொழைக்கான். பூடு பொழைக்காதாக்கும்?"

சொர்ணத்தாய் ஒரு பூண்டை எடுத்து உருட்டிப் பார்த்தாள். "இது எத்தன மாசப் பயிரு?"

"நாலு மாசம்."

"நீங்க நாலு மாசம் ஒரு எடத்துல இருந்து நான் பாத்ததில்லயே."

"இந்த மட்டம் இருக்கேன். பூடு புடுங்கி ஓங்கையில குடுத்துட்டுத்தான் வெளியூருக்குக் காலெடுத்து வைப்பேன்."

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். தெருவைப் பார்த்துக் கிடந்த செருப்பை எடுத்து ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதிர்த்தாள். பழைய காலண்டர் தாளில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். "அப்ப இது வாசல்ல எதுக்கு?" என்றாள்.

பெருமாள்சாமி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

மாரி அந்த வீட்டின் முதல் பட்டதாரி. ரசாயனம் படித்து அந்த வருடம்தான் முடித்திருந்தாள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, சாயங்காலம் தெருப்பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். படித்த மூன்று வருடத்தில் அவள் தாண்டிய தூரம் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட டவுன் பஸ் தூரம்தான். எழுதப் படிக்கத் தெரியாத அப்பா நாலு பாஷைக்காரர்களோடு வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். ஊர் ஊராகப் போகிறவர் மேல் தனக்கு இருப்பது கோபமா பொறாமையா என்று அவளுக்கே சில நாள் பிடிபடாது.

புறவாசலில் இருந்தது சுத்தக் கரிசல். காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. வெறுங்காலோடு மண்வெட்டி பிடித்துப் பெருமாள்சாமி அதைக் கொத்திப் புரட்டினார். அதற்குப் பிறகுதான் அந்தத் தவறைச் செய்தார். மண்ணுக்குக் கிடை போட வேண்டும் என்று, ஊர்க்காரர் ஒருவரின் ஆடுகளை ஓட்டி வந்து அந்தச் சின்ன இடத்துக்குள் அடைத்தார். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு நல்லதுதான். ஆனால் கோடையில் கிடை போட்டு, மழை பெய்து மண் ஆறிய பிறகுதான் கரிசல்காட்டில் விதைப்பார்கள். இது அவருக்குத் தெரியாததல்ல. பிறந்ததிலிருந்து கிடை போட்டே வளர்ந்த மனிதர். காத்திருக்கத்தான் முடியவில்லை.

பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் இடுப்புயரச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். பெருமாள்சாமியைவிட நாலைந்து வயது மூத்தவள், தனியாள். அவர் அவளை மதினி என்பார். அவள் அவரைக் கொளுந்தனார் என்பாள். அந்த முறையை வைத்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி பேசிக்கொள்ளலாம்.

"கொளுந்தனாரே, ரெண்டு நாளா ஆட்டோட ஆடா நானும் படுத்துக் கெடக்கேன். எம்மேல எதாவது மொளைச்சாச் சொல்லுதேன்."

"சொல்லுங்க மதினி. விதைக்கு எடுத்துக்கிடுவோம்."

ஆடுகளை ஓட்டிவிட்ட மறுநாளே பூண்டைப் பல் பல்லாகப் பிரித்தார். தோலை உரிக்காமல், நுனி மேலே வருகிற மாதிரி, விரல்கணு ஆழத்துக்கு ஊன்றினார். பாதிப் பையை நட்டதோடு இடம் முடிந்துவிட்டது. அதற்கடுத்த காலையிலிருந்து புது வேலை ஆரம்பித்தது. விடிந்ததும் போய் உட்கார்ந்து, ஏதாவது ஒரு பல்லை விரலால் தோண்டி எடுத்து, வேர் விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திரும்பப் புதைப்பார்.

"கோழி தோத்துது போங்க," என்றாள் சொர்ணத்தாய். "நட்டத விட்டுட்டு அங்கிட்டு வாங்களேன்."

"உள்ள என்ன நடக்குன்னு தெரிய வேண்டாமா?"

உள்ளே நடந்தது நல்லதல்ல. முளைத்து வந்த நுனிகள் தீயில் வாட்டியதுபோலக் கருகின. தோண்டினால் பல் கொழகொழவென்று கையோடு வந்தது. ஆட்டு மூத்திரத்தின் சூடு. ஒன்றுகூடத் தப்பவில்லை. பெருமாள்சாமி பாத்தியின் ஓரத்தில் குத்தவைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் மாரி சாப்பிடக் கூப்பிட்டபோது அங்கே ஆள் இல்லை.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த சொர்ணத்தாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு நேராகப் பெட்டியைத் திறந்தாள். செருப்பு சுற்றியபடி இருந்தது.

"செருப்பு இருக்கேம்மா," என்றாள் மாரி.

"செருப்பில்லன்னா பஸ்ல ஏத்த மாட்டேன்னு சொல்லுதானா?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "போயாச்சு. நீ சோத்த எடுத்து வையி."

மாரி சோறு எடுத்து வைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். மதுரை பஸ்களின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் ஒருவர், "ஏறுதியாம்மா, வண்டி எடுக்கப் போகுது," என்றார். ஒரு நொடி அவள் கால் படியைப் பார்த்து நகர்ந்தது. எங்கே போக? எதற்கு? அப்பாவைத் தேடி வந்தவளுக்குத் தானே ஏறிப் போய்விடலாம் என்று ஏன் தோன்றியது என்று யோசித்தபடி திரும்பி வந்தாள்.

வீட்டில், யாரிடமோ இரவல் வாங்கிய சைக்கிளிலிருந்து பெருமாள்சாமி உரச்சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் ஓடை மணல். சீமைக்கருவேல முள் குத்தி ஒரு குதிகால் வீங்கியிருந்தது.

"மலையில மண்ணு பொலபொலன்னு இருக்கும். தண்ணி நிக்காது," என்றார். "நம்ம கரிசல் எல்லாத்தையும் பிடிச்சு வச்சுக்கிடுதுல்லா. மணலக் கலந்து மேடாப் போட்டுருவோம். எங்கட்டி போயிட்டு வார?"

"லைப்ரரிக்கு," என்றாள் மாரி.

கெட்டுப்போன மண்ணை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, புது மண்ணும் மணலும் சேர்த்து, கார்த்திகை பிறந்ததும் மீதிப் பாதியை நட்டார். இந்த முறை தோண்டிப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாத்தியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பச்சை முனைகள் வரிசையாக எழும்பின. அதோடு வானம் வறண்டுவிட்டது.

அந்த வருடம் தெருமுனைக் குழாயில் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வந்தது. வீட்டுக்கு இத்தனை குடம்தான் என்று தெருவே பேசி வைத்திருந்தது. குடிக்கவும் ஆக்கவும் போக மிச்சம் இருக்காது. வீட்டில் தண்ணீர் மிஞ்சியிருக்கும் ஒரே ஆள் பெத்தம்மாள்தான். அவள் புருஷன் பம்பாய்க்குப் போன புதிதில் அனுப்பிய பணத்தில் கட்டிய சிமெண்ட் தொட்டி அவளிடம் இருந்தது. பிறகு பணமும் நின்றது, ஆளும் வரவில்லை. தொட்டி மட்டும் இருந்தது.

தண்ணீர் கடன் வாங்குவது அந்தத் தெருவில் புதிதில்லை. குடத்தால் வாங்கி, குழாய் வந்ததும் குடத்தால் ஊற்றிவிடுவார்கள். மாரி இரண்டு குடங்களோடு போய் நின்றாள்.

"பெரியம்மா, தண்ணி கடனாத் தாங்க. கொழாய் வரவும் ஊத்திருதோம்."

"குடிக்கவா?"

"பூடுக்கு."

பெத்தம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மனுசன் தொண்டைய நனைக்கத் தண்ணி இல்லாம அலையுதான். ஓங்கப்பன் பூடுக்குக் குளிக்கணுமாக்கும்?"

மாரி குடங்களைக் கீழே வைத்தாள். இந்தப் பாத்தி காய்ந்தால் அப்பாவுக்கு இங்கே இருக்க வேறு காரணம் இல்லை. இதை எப்படிச் சொல்வது? ஆனால் சொல்லாமலே பெத்தம்மாளுக்குப் புரிந்த மாதிரி இருந்தது. தொட்டியின் தகர மூடியை நகர்த்தினாள்.

"எடுத்துக்கிடு. ஆனா ஒண்ணு. இந்தத் தொட்டியில உள்ளது பூராம் எம்மிடுப்புல ஏறி வந்த தண்ணி. திருப்பி ஊத்துதது நீ இல்ல, ஓங்கம்மயும் இல்ல. பயிரு வச்சவியதான் சுமக்கணும். சைக்கிள்ல கெட்டித் தள்ளிட்டு வரக் கூடாது. பொம்பளைய நாங்க எப்பிடிச் சுமக்கமோ அப்பிடி இடுப்புல வச்சுத் தெரு வழியா வரணும். நான் வாசல்ல ஒக்காந்து பாக்கணும்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெருமாள்சாமியின் குரல் வந்தது. "சுமக்கேன் மதினி. சேலையும் கெட்டிக்கிடணுமா?"

"அது வேண்டாம். தெரு தாங்காது."

"சரி, ஒத்துக்கிட்டேன்."

"ஏட்டி மாரி, கேட்டுக்கோ. ஒன்னைய நம்பித்தான் தாரேன். ஓங்கப்பன நம்பி இல்ல."

அந்தக் கடைசிச் சொல் மாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மார்கழி முழுக்கத் தொட்டித் தண்ணீரில்தான் பூண்டு வளர்ந்தது. பெருமாள்சாமி ஒரு செம்பை வைத்துக்கொண்டு தூர் தூராக ஊற்றுவார். குழாய் வருகிற நாளில் தெருவுக்கு வந்து நிற்பார். ஆனால் மாசமான வேணி தையில் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்குக் குளிக்க, துவைக்க என்று தங்கள் பங்குக் குடங்கள் வீட்டுக்கே போதவில்லை. "பயிரு எடுத்தாச்சுன்னா நம்ம தண்ணி மிஞ்சும் மதினி. மொத்தமா அடைச்சிருதேன்," என்பார். "இடுப்பப் பழக்கி வச்சுக்கிடுங்க," என்பாள் பெத்தம்மாள்.

வேணி முதலில் அப்பாவோடு பேசவில்லை. புறவாசலில் துணி காயப்போட வரும்போது பாத்தியை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். ஒருநாள் கோழி ஒன்று பாத்திக்குள் இறங்கியபோது, "யப்பா, கோழி," என்று கத்தினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டது அன்றுதான். அவர் ஓடி வந்து கோழியை விரட்டினார். அது ஓடிப்போன பிறகும் சும்மா விரட்டிக்கொண்டிருந்தார்.

தை பாதியில் அவருக்கு இருப்புக் கொள்ளாமல் போனது. மலையில் அடுத்த பூண்டு பிடுங்குகிற பருவம் ஆரம்பிக்கப் போவதாக, வேலைக்கு ஆள் கூட்டிப் போகிறவர் டீக்கடையில் சொல்லி விட்டிருந்தார். அன்றிலிருந்து பெருமாள்சாமியால் ஒரு வாய் சோற்றை உட்கார்ந்து தின்ன முடியவில்லை. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கும் புறவாசலுக்கும் நடந்தார். ரயில் வருகிற நேரத்துக்கு லெவல் கிராசிங்கில் போய் நின்றுவிட்டு வந்தார். இரண்டு தடவை தகரப் பெட்டியின் பக்கத்தில் போய், சும்மா அதன் மேல் கை வைத்து நின்றதை மாரி பார்த்தாள்.

அவளுக்கும் அதே வாரத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. கூடப் படித்தவள் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் சேர்ந்திருந்தாள். இன்னொரு ஆள் வேண்டும், உடனே வா என்று எதிர்த்த கடைக்குப் போன் செய்து சொன்னாள். மாசி முடியட்டும் என்று மாரி சொல்லிவிட்டாள். அப்பா தங்குகிற வரைக்கும் தானும் தங்க வேண்டும் என்று இருந்தது. நல்ல மகளாக நினைத்தாளா, பயந்துகொண்டு சாக்குத் தேடினாளா? அவளுக்குத் தெரியவில்லை.

லெவல் கிராசிங்கில் அவர் பக்கத்தில் போய் நின்றபோது கேட்டாள். "ஏம்ப்பா ஒங்களுக்கு ஒரு எடத்துல இருக்க முடியல?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "தெரியலயேட்டி," என்றார். "ஒக்காந்தா உள்ளங்கால் எரியுது. நடந்தா சரியாப் போகுது. ஒனக்கு அப்பிடி இல்லயா?"

"எனக்கென்ன," என்றாள் அவள். ரயில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் கடைசிப் பெட்டி வரைக்கும் பார்த்தார்கள்.

அவர் போகவில்லை. வேலைக்கு ஆள் கூட்டிப் போகிறவர் தேடி வந்தபோது, வாசலிலேயே நிறுத்தி, "பயிரு நிக்கி அண்ணாச்சி," என்று சொல்லி அனுப்பினார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. காலில் செருப்பில்லாமல், குதிகாலில் பழைய முள்ளின் வடுவோடு, தெருவில் எல்லாரிடமும் அதையே சொன்னார். பயிரு நிக்கி.

மாசியில் வேணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பெருமாள்சாமிதான் முதலில் அதைக் கையில் வாங்கினார். வீட்டில் பூண்டுத் தோகைகள் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தன. தண்ணீரை முன்பே நிறுத்தியிருந்தார். வேணியும் குழந்தையும் வீட்டுக்கு வந்த அன்றே பூண்டு பிடுங்க உட்கார்ந்தார்.

முதல் பூண்டை இழுத்து மண்ணை உதறினார். நெல்லிக்காய் அளவுக்கு உருண்டையாக ஒன்று வந்தது. பல் பிரியவில்லை. வெளியில் வரி ஓடவில்லை. ஒரே முழு உருண்டை. அடுத்ததும் அப்படித்தான். பாத்தி முழுக்க அப்படித்தான். குவித்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெத்தம்மாள் சுவருக்கு மேலே வந்தாள். "பல்லு மொளைக்காத பிள்ளைக்குப் பல்லில்லாத பூடு. பொருத்தமாத்தான் இருக்கு கொளுந்தனாரே."

அவர் திருப்பி எதுவும் சொல்லவில்லை. அது அவரிடம் அதிசயம். மாரிக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. குளிர் போதாத ஊரில் பூண்டு இப்படித்தான் பல் பிரியாமல் நின்றுவிடும் என்று சொல்லலாமா என்று நினைத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது?

சொர்ணத்தாய் வந்து குனிந்து ஓர் உருண்டையை எடுத்தாள். நகத்தால் கீறி மோந்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொள்கிற காரம். "கடப்பூடு இதுகிட்ட நிக்க முடியாது," என்றாள். "குடுங்க கையில."

அவர் இரண்டு கையாலும் அள்ளி அவள் முந்தியில் போட்டார். உள்ளே இருந்து வேணி, "யம்மா, இங்கன கொண்டாங்க, நானும் பாக்கேன்," என்றாள். அன்றைக்கே உரித்து, பாலில் வேகவைத்து மசித்து, கருப்பட்டிப் பாகில் போட்டுக் கிண்டினார்கள். வாசனை தெருமுனை வரை போனது. வேணி சாப்பிடும்போது பெருமாள்சாமி நிலைப்படிக்கு வெளியே நின்று பார்த்தார்.

பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு சொர்ணத்தாய் பெட்டியைத் திறந்தாள். காலண்டர் தாளைப் பிரித்தாள். செருப்பை எடுத்துப் போய் வாசலில் வைத்தாள். நுனி தெருவைப் பார்க்கிற மாதிரி வைத்தாள். மாரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொன்ன சொல் முடிந்தது என்றா, இனி நான் கேட்க மாட்டேன் என்றா, அம்மா அதில் என்ன சொன்னாள் என்று அவளுக்கு அன்றைக்கும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பெருமாள்சாமி கிளம்பினார். இந்த முறை சொல்லிவிட்டுக் கிளம்பினார். குழாய் வர இன்னும் இரண்டு மூன்று நாள்தான் இருந்தது.

"யப்பா, பெரியம்மா தண்ணி," என்றாள் மாரி. "நான்தான் வாங்கியிருக்கேன். கொழாய் வந்ததும் ஊத்திட்டுப் போங்களேன்."

"மலையில பிடுங்குத நேரம் முடிஞ்சிரும்ட்டி. ஒரு வாரம். வந்ததும் சுமந்துருதேன்." செருப்புக்குள் கால் நுழைந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "மதினி, கடன் நிக்கட்டும்."

"அது நிக்கும்," என்றாள் பெத்தம்மாள். "அதுக்கு என்ன காலா இருக்கு? போறது நீங்கதான்."

நாலு மாதம் இருந்த மனிதரால் இரண்டு நாள் இருக்க முடியவில்லை.

குழாய் வந்த அன்று மாரி முதல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பெத்தம்மாள் வாசலுக்குப் போனாள். பெத்தம்மாள் தொட்டி மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். "பேசுன பேச்சு என்னட்டி? கொண்டு போ," என்றாள். மாரி கெஞ்சினாள், கோபப்பட்டாள். "ஓங்கடன் இல்லாததுக்கு நீ எதுக்கு இடுப்ப ஒடைக்க? அவிய வரட்டும்." அந்தப் பிடிவாதம் தண்ணீருக்காகவா, பம்பாயிலிருந்து வராத ஒருவருக்காகவா என்று மாரி யோசித்துப் பார்த்தாள். கேட்கத் துணியவில்லை.

சொர்ணத்தாய் கொஞ்சம் பூண்டை எடுத்து வைத்திருந்தாள். அடுத்த ஐப்பசியில் அதே பாத்தியில் அந்த உருண்டைகளை அப்படியே ஊன்றினாள். இந்தத் தடவை பூண்டு மூன்றும் நாலுமாகப் பல் பிரிந்து வந்தது. வைகாசியில் இரண்டு நாள் வந்து போன பெருமாள்சாமி, விட்டத்தில் தொங்கிய பூண்டுக் கொத்தை அண்ணாந்து பார்த்து, ஒரு பல்லை எடுத்துப் பச்சையாகக் கடித்தார்.

"பாத்திங்களா," என்றாள் சொர்ணத்தாய். "ஒரு வருசம் இருந்தது அதுக்குப் பத்தல. ரெண்டாவது வருசமும் இருக்கணும்."

அவர் மென்றுகொண்டே தலையாட்டினார். அந்த இரண்டு நாளும் குழாய் வரவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு தடவை வந்தபோதும் வரவில்லை. குழாய் வராத நாளாகப் பார்த்துத்தான் வருகிறார் என்று பெத்தம்மாள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

மாரி திருப்பூருக்குப் போகவில்லை. ஊரிலேயே ஒரு தனியார் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள். அம்மாவுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டாள். வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதப் போட்டுவிட்டு மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். ஒருநாள் பள்ளி வாசலில் தன் செருப்பு தெருவைப் பார்த்துக் கிடப்பதைக் கவனித்தாள். அதை எப்போது திருப்பிப் போட்டாள் என்று நினைவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து மார்கழியில் மலையில் பெருமாள்சாமிக்குக் காய்ச்சல் கண்டது. செய்தி முதலில் வந்தது, உடலோடு வேன் மறுநாள் மத்தியானம் வந்தது. கூட வந்த தோட்ட முதலாளி ஒரு பையைக் கொடுத்தார். அதில் வேட்டியும் துண்டும் கொஞ்சம் விதைப்பூண்டும் இருந்தன. செருப்பு இல்லை.

குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேண்டும். உறவுக்காரர்கள் குடத்தோடு போய், ஊர்த் தண்ணீர் மொண்டு, மேலே வேட்டியை விரித்துப் பிடித்தபடி கொண்டுவர வேண்டும். குழாய் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தெருவில் யார் வீட்டுக் குடத்திலும் அடித்தண்ணீர்தான். லாரிக்குச் சொல்லலாமா என்று ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒப்பாரி வைத்த பெண்களுக்கு நடுவிலிருந்து பெத்தம்மாள் எழுந்தாள். முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள். மூடியை நகர்த்துகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

குழாயடிக்குப் போக வேண்டிய ஊர்வலம் பக்கத்து வீட்டுக்குப் போனது. பெத்தம்மாளே மொண்டு ஊற்றினாள். வேணியின் புருஷன் குடத்தைத் தூக்கக் குனிந்தபோது, "பொறுங்க மருமகனே, தளும்ப இருக்கட்டும்," என்று இன்னும் ஒரு செம்பு விட்டாள். அவர்கள் நகர்ந்த பிறகு மாரியிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"முன்னால உள்ளது அப்பிடியே நிக்கி. இது அதுக்கு மேல."

"நான் ஊத்துதேன் பெரியம்மா."

"சுமக்கேன்னு சொன்னது நீயாட்டி?"

அவள் மூடியை இழுத்துப் போட்டாள்.

அடுத்த தடவை குழாய் வந்தபோது மாரி ஒரு குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றினாள். பெத்தம்மாளின் வாசலில் போய் நின்றாள். கதவு திறந்திருந்தது. பெத்தம்மாள் உள்ளே இருந்து அவளைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இடுப்பு கடுக்கும் வரை நின்றுவிட்டு மாரி தன் வீட்டுப் புறவாசலுக்குத் திரும்பினாள். அம்மா நட்டிருந்த பூண்டு முழங்கை உயரத்துக்கு நின்றது. குடத்தைச் சாய்த்துத் தூர் தூராக ஊற்றினாள். மணல் கலந்த கரிசல் சத்தமில்லாமல் குடித்தது.

சுவருக்கு மேலே பெத்தம்மாளின் தலை தெரிந்தது.

"ஏட்டி, அது கணக்குல வராது," என்றாள்.